துவைக்காத விரிப்புகள்: நாய், பூனைகளோடு வீடு மாறிய பதிவு

இந்தத் தை மாதம் வேளச்சேரியிலிருந்து கோயம்புத்தூர் வடவள்ளிக்கு வீடு மாறினோம். மணி என்ற நாட்டு நாயும் சீனி, மிளகு என்ற இரண்டு பூனைகளும் எங்களோடு வந்தன. மணிக்கு வயதாகிவிட்டது, ஆனால் கார் கதவைத் திறந்தால் முதல் ஆளாக ஏறி உட்காருவான். சீனி கருத்தடை செய்த கனத்த ஆண் பூனை. மிளகு சின்ன உடம்பு, எந்தச் சத்தம் கேட்டாலும் பீரோ மேலே ஏறிவிடுவாள்.

பூனை தன் வீட்டை அடையாளம் வைத்துக்கொள்வது பெரும்பாலும் மோப்பத்தால்தான். கன்னத்திலும் தாடையிலும் உள்ள சுரப்பிகளை நாற்காலிக் காலிலும் கதவு ஓரத்திலும் உரசி உரசித் தன் மணத்தைப் பூசி வைக்கிறது. அந்த மணம் இல்லாத இடத்தில் அதற்குச் சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது. நாய் நம்மை நம்பிக் கூடவே வந்துவிடும் என்றாலும், அதற்கும் தன் பழைய சாக்கு கூட வந்தால் நிம்மதி. அதனால் சாமான் கட்டும் வரிசையையே இந்த மணத்தை வைத்து முடிவு செய்தோம். அவை படுத்த துணி எதையும் துவைப்பதில்லை. அவை இருக்கும் அறையைக் கடைசியாகக் கலைப்பது, புது வீட்டில் அந்த அறையை முதலில் அடுக்குவது. மற்ற எல்லாவற்றையும் இதற்குப் பின்னால்தான் வைத்தோம். என் மாமியார் மட்டும், "புது வீட்டுக்கு அழுக்குத் துணியோடவா போறது?" என்று முகம் சுளித்தார். காரணத்தைச் சொன்னதும் அவரே அந்த விரிப்புகளை ஒரு பழைய தலையணை உறையில் திணித்துக் கட்டிக் கொடுத்தார்.

மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் தை பிறந்ததும் லாரி கிடைப்பது சிரமம். முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அந்தச் சிரமத்தைப் பட்டாலும் பரவாயில்லை, விலங்குகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல மாதம் கிடையாது. பகல் வெயில் சுடாது. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் நெடுஞ்சாலையில் கார் நின்று ஏசி போய்விட்டால் அது உயிர்ப் பிரச்சினை.

வீடு பார்க்கப் போனபோதே வீட்டுக்கார அம்மாவிடம் நாய் ஒன்று, பூனை இரண்டு என்று சொல்லிவிட்டோம். "நாய் தோட்டத்தை நோண்டாதுங்களா அம்மணி?" என்று கேட்டார். "நோண்டும்மா. அவனுக்குன்னு ஒரு மூலை கொடுத்துட்டா மத்த இடத்துக்குப் போக மாட்டான்" என்றேன். முருங்கை மரத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தைக் காட்டினார். இதை வாய்ப்பேச்சாக விடாமல், வாடகை ஒப்பந்தத்திலேயே எத்தனை விலங்குகள் என்பதை ஒரு வரியாக எழுதிக்கொண்டோம். நாளைக்கு யாராவது புகார் சொன்னால் அந்த ஒரு வரி பேசும். அடுக்குமாடிக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: குடியிருப்போர் சங்கம் செல்லப் பிராணிகளையே வளர்க்கக் கூடாது என்று தடை போட முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

வீட்டை இரண்டாவது முறை பார்க்கப் போனபோது தரையில் உட்கார்ந்து பார்த்தோம். நம் கண்மட்டத்தில் தெரியாதது அங்கேதான் தெரியும். சமையலறை மேடைக்கு அடியில் குழாய் போகும் ஓட்டை, மிளகு நுழையும் அளவுக்குத் திறந்து கிடந்தது. சன்னல் கிராதிக் கம்பிகளுக்கு இடையில் பூனையின் தலை தாராளமாகப் போகும். தலை போனால் உடம்பும் போய்விடும். கொசுவலை இருக்கிறதே என்று நினைக்கக் கூடாது. வெல்க்ரோ ஒட்டிய வலையைப் பூனை நகத்தால் ஒரே இழுப்பில் பிரித்துவிடும். பூனை அறைச் சன்னலுக்கு மட்டும் இரும்பு வலை அடித்தோம், பால்கனிக்குப் புறா வலை கட்டினோம். அடுப்பு மேடை அலமாரியின் உள்மூலையில் பழுப்பு நிறப் பொட்டுகள் காய்ந்து கிடந்தன. முன்பு இருந்தவர்கள் வைத்த கரப்பான் ஜெல். பரண் மேல் எலி மருந்துக் கட்டி ஒன்றும் கிடந்தது. இரண்டையும் கையுறை போட்டுச் சுரண்டி எடுத்து, பையில் கட்டி அப்புறப்படுத்திய பிறகுதான் மற்ற வேலை. எலி மருந்துகளில் பல, நாய்க்கு உள்ளே ரத்தக் கசிவை உண்டாக்கும். அதுவும் தின்ற அன்றே தெரியாது, சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

காலி வீட்டைக் கழுவும்போது ஃபினாயில் ஊற்றாமல் யாரும் விட மாட்டார்கள். வேலைக்கு வந்த அக்காவிடம் அதை முன்கூட்டியே சொல்லித் தடுத்துவிட்டோம். ஃபினாயில் போன்றவற்றில் இருக்கக்கூடிய ஃபீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகவும் குறைவு. தரையில் நடந்த பாதத்தை நக்கினாலே மருந்து உள்ளே போய்விடும். சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு தரம் அலசி, விசிறி போட்டுக் காயவிட்டோம். வீடு பளிச்சென்றுதான் இருந்தது.

நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுவதற்கு நாங்கள் மட்டும் முன்னதாகப் போய் வந்தோம். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள், சாம்பிராணிப் புகை, திறந்து கிடக்கும் வாசல் கதவு. விலங்குகளை அன்றைக்குக் கூட்டிப் போவது நியாயமே இல்லை. ஆனால் அந்தப் பயணத்தை அவற்றுக்காகவும் பயன்படுத்திக்கொண்டோம். கிளம்பும் முன் ஒரு மெல்லிய பருத்தித் துணியால் சீனி, மிளகு இரண்டின் கன்னங்களையும் மெதுவாகத் தேய்த்து, துணியை ஜிப் பையில் போட்டு மூடி எடுத்துப் போனோம். புது வீட்டில் பின்பக்க அறையின் கதவு நிலை, சன்னல் கட்டையின் முனை, சுவர் மூலை எல்லாவற்றிலும் பூனையின் தோள் உயரத்தில் அதைத் தேய்த்தோம். ஒரு பழைய விரிப்பையும் அங்கே போட்டு, அறையைப் பூட்டிவிட்டு வந்தோம். நமக்கு ஒன்றுமே மணக்காது, அவற்றுக்கு மணக்கும். மாறும் நாளில் திரும்பவும் ஒரு தரம் தேய்த்தோம், இடையில் மணம் மங்கிப்போயிருக்கும் என்பதால்.

எப்படிக் கூட்டிப் போவது என்பதில் ரயிலைத்தான் முதலில் யோசித்தோம். நாயை முதல் வகுப்பு ஏசியில் கூபேயையோ கேபினையோ முழுதாக எடுத்தால் கூடவே வைத்துக்கொண்டு போகலாம். பார்சல் ஆபீசில் அதற்குத் தனியாகப் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏசியிலும் ஸ்லீப்பரிலும் அனுமதி இல்லை. இன்னொரு வழி, கார்டு இருக்கும் பெட்டியில் உள்ள நாய்க் கூண்டு. ராத்திரி முழுக்கத் தனியாக, தடதடவென்ற சத்தத்தில் மணியை விட்டுவைக்க எங்களுக்கு மனமில்லை. கூபே கிடைத்ததா இல்லையா என்பது சார்ட் போடும்போதுதான் உறுதியாகும். லாரி ஏற்கெனவே கிளம்பியிருக்கும் நேரத்தில் அந்த நிச்சயமின்மை வேண்டாம் என்று சொந்தக் காரிலேயே போக முடிவெடுத்தோம்.

பூனைக் கூடைகளைப் பழக்குவதுதான் அதிக நாள் பிடித்த வேலை. அதற்குச் செலவழித்த ஒரு நாளும் வீண் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும் எடுக்கிற கூடையைக் கண்டால் எந்தப் பூனையும் ஓடத்தான் செய்யும். அதனால் வாரக்கணக்கில் முன்பே கூடைகளைக் கூடத்தில் கதவைக் கழற்றி வைத்தோம். உள்ளே அவை படுக்கும் துண்டு. முதலில் கிண்ணத்தைக் கூடை வாசலில் வைத்தோம், பிறகு ஒரு சாண் உள்ளே, பிறகு கடைசிச் சுவரோடு ஒட்டி. சீனி சோற்றுக்காக எதையும் செய்வான், சீக்கிரம் படிந்துவிட்டான். மிளகு கழுத்தை மட்டும் நீட்டிக் கருவாட்டுத் துண்டைக் கவ்விக்கொண்டு பின்வாங்கினாள், பின்னங்கால்கள் வெளியிலேயே ஊன்றி நிற்கும். அவசரப்படுத்தவில்லை. ஒரு மத்தியானம் அவளாகவே உள்ளே போய்ச் சுருண்டு தூங்கினாள். அதற்கப்புறம்தான் கதவை மாட்டினோம். ஒரு நிமிடம் மூடித் திறப்பது, மூடியபடி தூக்கிக் கூடத்தைச் சுற்றி வருவது, காரில் வைத்து இன்ஜினை மட்டும் போடுவது, தெருவை ஒரு சுற்றுச் சுற்றுவது என்று படிப்படியாகப் போனோம். கூடை வாங்குகிறவர்கள் மேல்பக்கமும் திறக்கிற மாதிரி வாங்குங்கள். பயந்த பூனையை முன்வாசல் வழியாக இழுப்பதைவிட மேலிருந்து தூக்குவது இரண்டு பேருக்குமே நல்லது.

கால்நடை மருத்துவரிடம் மூன்றையும் காட்டினோம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி நாள் கடந்துவிடாமல் போட்டு, அட்டையில் எழுதி வாங்கி, பயணத்துக்கான உடல்தகுதிச் சான்றும் பெற்றுக்கொண்டோம். செல்லப் பிராணி வளர்க்கச் சென்னை மாநகராட்சி தரும் உரிமத்துக்கும் அந்தத் தடுப்பூசிச் சான்று வேண்டும். மணிக்கு மைக்ரோசிப் ஏற்கெனவே இருந்தது, பூனைகளுக்கும் போட்டோம். தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலுக்கடியில் இருக்கும் அரிசி அளவு சிப் அது. இருக்கும் இடத்தைக் காட்டாது, கருவியால் வருடினால் ஓர் எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். அந்த எண்ணோடு பதிவான போன் எண் சரியாக இருந்தால்தான் பயன். கழுத்துப் பட்டையில் தகட்டில் கைபேசி எண்ணையும் பொறித்து மாட்டினோம்.

மயக்க மருந்து பற்றிப் பலரும் சொன்னார்கள். மருந்துக் கடையில் நாமாக வாங்கிக் கொடுக்கும் விஷயம் இல்லை இது. மிளகின் பதற்றத்தைப் பார்த்துவிட்டு மருத்துவர் கேபாபென்டின் என்ற மருந்தை எழுதிக் கொடுத்தார், பயணத்துக்கு முன்பே வீட்டில் ஒரு நாள் கொடுத்து எப்படி இருக்கிறாள் என்று பார்க்கவும் சொன்னார். மனிதர்களுக்கான கேபாபென்டின் திரவத்தில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்திருக்கலாம், அது நாய்க்கு விஷம் என்று அவர் எச்சரித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். சளிக்காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் பூனையின் உயிரையே எடுக்கும். வீட்டு மருந்துப் பெட்டியைத் தனி அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டியது அதனால்தான். மணிக்குப் போடும் உண்ணி மருந்தையும் தனியாக வைத்தோம். நாய்க்கென்று விற்கும் சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், பூனை மேல் பட்டால் வலிப்பு வரும்.

சாமான் கட்ட ஆரம்பித்ததும் காலி அட்டைப்பெட்டிகளைச் சில நாள் சும்மா கூடத்தில் போட்டு வைத்தோம். பூனைகள் ஏறி இறங்கி உரசி அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டன. டேப் கிழிக்கும் சத்தம் மட்டும் மிளகுக்கு ஆகவில்லை, அதனால் அவள் இருக்கும் அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் டேப் வேலை. கட்டும் பொருள்களில் சிலவற்றின் மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். சணல், நூல், ரப்பர் பேண்ட் இவற்றைப் பூனை விழுங்கினால் நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். பின்பக்கம் நூல் தொங்கினால்கூட இழுக்கக் கூடாது, அப்படியே மருத்துவரிடம் தூக்கிப் போக வேண்டும். தெர்மகோல் உருண்டைகளை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. பட்டுப்புடவைப் பெட்டியில் போட்டிருந்த அந்துருண்டைகளை எல்லாம் எடுத்துவிட்டு வேப்பிலைச் சருகு போட்டோம். அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் நாய்க்கும் பூனைக்கும் விஷம். பெட்டியைப் பிரிக்கும்போது அவை உருண்டு ஓடும், ஓடுவதைத் துரத்தாத பூனை எங்கே இருக்கிறது.

லாரியில் ஏறாமல் காரிலேயே வர வேண்டியவற்றை ஒரே பையில் போட்டோம்: துவைக்காத விரிப்புகள் அடங்கிய தலையணை உறை, ஒரு வாரத்துக்கான அதே உணவு, கிண்ணங்கள், மருந்து, சான்றிதழ்களின் பிளாஸ்டிக் உறை, ஒவ்வொன்றின் தெளிவான புகைப்படம், பழைய துண்டுகள், பூனை மணல் தட்டு. இவற்றோடு ஒரு டப்பாவில் பயன்படுத்திய மணல் ஒரு கரண்டி. படிக்கச் சங்கடமாக இருக்கலாம். புது மணலின் மேல் அதைத் தூவினால்தான் இதுதான் தன் இடம் என்று பூனைக்கு உடனே பிடிபடும். வேளச்சேரியில் குடித்த கேன் தண்ணீரையும் எடுத்துக்கொண்டோம். கோவையின் சிறுவாணித் தண்ணீர் எவ்வளவு ருசியானாலும், சுவை மாறினால் சில விலங்குகள் கிண்ணத்தைத் தொடாது. முதல் சில நாள் பழைய தண்ணீரில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றினோம்.

சாமான் ஏற்றும் நாள்தான் எல்லாவற்றிலும் ஆபத்தான நாள். வாசல் கதவு பகல் முழுக்கத் திறந்தே இருக்கும், தெரியாத ஆட்கள் போய் வருவார்கள், கட்டில் இழுபடும் சத்தம் காதைப் பிளக்கும். பூனை காணாமல் போவது பெரும்பாலும் இந்த நாளில்தான். காலையில் ஆட்கள் வருவதற்கு முன்பே பூனைகளைக் குளியலறையோடு சேர்ந்த படுக்கையறையில் விட்டு, மணல் தட்டு, தண்ணீர், திறந்த கூடைகள் எல்லாம் உள்ளே வைத்துப் பூட்டினோம். கதவில் வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் "உள்ளே பூனை, திறக்காதீர்கள்" என்று ஒட்டினோம். சாவி என் புடவை முந்தானையில். வந்த பையன்களையும் நிற்க வைத்துச் சொன்னேன். "அக்கா, அந்த ரூம எப்ப தருவீங்க?" என்று அவர்களில் மூத்தவன் கேட்டான். "கடைசியா தம்பி. எல்லாம் ஏத்தி முடிச்சிட்டு வந்து சொல்லு" என்றேன். மணியை என் கணவர் தெருமுனைப் பூங்காவுக்குக் கூட்டிப் போய், பிறகு எதிர்வீட்டு வராந்தாவில் கட்டி, அவனோடு உட்கார்ந்துகொண்டார். நாயோடு ஓர் ஆள் முழுநேரமும் இருந்தே ஆக வேண்டும், அந்த ஆளை வேறு வேலைக்குக் கூப்பிடக் கூடாது.

கடைசி அறையைத் திறக்கும் முன் மற்ற ஆட்களை வெளியே நிறுத்தி, நானும் மகளும் மட்டும் உள்ளே போனோம். சீனி கூடைக்குள் இருந்தான். மிளகைக் காணோம். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால், சோபாவாக மாறும் அந்தக் கட்டிலின் அடித்துணியில் ஒரு கிழிசல், அதற்குள் கறுப்பு வால் நுனி. இழுக்கவில்லை. மகள் தரையில் படுத்து, கருவாட்டு வாசனை உள்ள மிளகின் துண்டை அந்தக் கிழிசலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். கொஞ்ச நேரத்தில் மூக்கு வந்தது, அப்புறம் மீசை, அப்புறம் முழு மிளகும். துண்டோடு சேர்த்துக் கூடைக்குள் மேல்வழியாக இறக்கினோம். இரண்டு கூடையும் மூடியிருப்பதைக் கையால் ஆட்டிப் பார்த்த பிறகுதான் அந்த அறைச் சாமான் நகர்ந்தது. லாரிக் கதவு மூடும் முன் வாஷிங் மெஷின், பீரோ, திறந்த பெட்டிகளையும் ஒரு பார்வை பார்த்தோம்.

அன்றிரவு காலி வீட்டில் பாய் விரித்துப் படுத்து, விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, ஆத்தூர், சேலம், அவிநாசி என்று சுமார் 500 கிலோமீட்டர். மணிக்கு முந்தின இரவே லேசான சாப்பாடு, காலையில் தண்ணீர் மட்டும். வயிறு நிறைந்த நாய் வளைவில் வாந்தி எடுக்கும். மார்புப் பட்டை போட்டு அதைச் சீட் பெல்ட்டோடு மாட்டினோம், கழுத்துப் பட்டையில் மாட்டினால் பிரேக் போடும்போது கழுத்து இறுகும். பூனைக் கூடைகள் பின்சீட்டில், பெல்ட்டால் கட்டி, பாதி மூடிய துண்டோடு. விழுப்புரம் வரை மிளகு கத்திக்கொண்டே வந்தாள். பாட்டை நிறுத்திவிட்டு, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே போனதும் அடங்கினாள். நிறுத்திய இடங்களில் எல்லாம் ஒரே விதி: முதலில் மணிக்குக் கயிறு கையில், பிறகுதான் கார்க் கதவு. பூனைக் கூடையை வழியில் எங்கேயும் திறக்கவே இல்லை. ஓட்டலில் முறைவைத்து இறங்கிச் சாப்பிட்டோம். வெளியே இதமாக இருந்தாலும் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் 10 டிகிரி வரை சூடு ஏறிவிடும்.

வடவள்ளி வந்ததும் முதலில் பின்பக்க அறை. விரிப்புகளை உதறாமல் அப்படியே போட்டோம், தட்டில் பழைய மணலைத் தூவினோம், சாப்பாட்டை அதற்கு எதிர்மூலையில் வைத்தோம், கூடைக் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்து சாத்தினோம். சீனி உடனே வந்து கதவு நிலையை முகர்ந்து, துணி தேய்த்திருந்த அதே இடத்தில் தன் கன்னத்தை வைத்து உரசினான். மிளகு மறுநாள் வரை கூடையை விட்டு வரவில்லை, வற்புறுத்தவும் இல்லை.

இந்த நாள்களில் நான் கவனித்தது இரண்டே விஷயம். ஒன்று, சாப்பிடுகிறார்களா என்பது. பருத்த பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து ஆபத்தாகிவிடும். "புது இடம்தானே, தானாகச் சாப்பிடும்" என்று விட்டுவிடக் கூடாது. இன்னொன்று, சீனி தட்டில் போய் உட்கார்ந்து சிறுநீர் கழிக்கிறானா என்பது. மனஅழுத்தத்தில் ஆண் பூனைக்குச் சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொள்வது உண்டு. திரும்பத் திரும்பத் தட்டில் உட்கார்ந்து முக்கி, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் மறுநாள் பார்க்கலாம் என்பதே கிடையாது, அந்த நேரமே ஓட வேண்டும். அதற்காகவே இங்கே இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று வருவதற்கு முன்பே விசாரித்து, எண்ணைக் கைபேசியில் ஏற்றி வைத்திருந்தோம்.

மணிக்கு வேறு கவலை. தெருவில் ஏற்கெனவே இருக்கும் நாய்களுக்கு இவன் அந்நியன். முதல் வாரம் மதியம் தெரு ஓய்ந்திருக்கும் நேரத்தில் குட்டைக் கயிற்றில் ஒரே பாதையில் நடத்தினோம். கேட்டை எப்போதும் தாழிட்டே வைத்தோம், பயந்த நாய் பழைய வீட்டைத் தேடி ஓடப் பார்க்கும். முருங்கைக்குப் பின்னால் உள்ள அவன் மூலையில் வேளச்சேரிச் சாக்கைப் போட்டதும் நோண்டல் அந்த மூலையோடு நின்றுவிட்டது. வீட்டுக்கார அம்மா இப்போது காலையில் கீரை பறிக்க வரும்போது, "மணி, எந்திரிச்சயா கண்ணு?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.

பூனைகளுக்கு ஒவ்வொரு அறையாகத்தான் திறந்துவிடுகிறோம். கூடம் ஆயிற்று, சமையலறை ஆயிற்று, மாடிப்படி மட்டும் பாக்கி. குறைந்தது மூன்று வாரமாவது வெளிவாசல் பக்கம் விடுவதில்லை என்று வைத்திருக்கிறோம். விரிப்புகளை இன்னும் துவைக்கவில்லை. ஒன்று ஒன்றாக, வாரத்துக்கு ஒன்று துவைத்து, மற்றவற்றை அப்படியே விட்டு வைக்கலாம் என்று திட்டம். சிப் பதிவில் ஊர் மாற்றம் போட்டாயிற்று. கழுத்துத் தகட்டில் புது முகவரியும் பொறிக்கக் கொடுத்திருக்கிறேன், சனிக்கிழமை வாங்க வேண்டும்.